திங்கட்கிழமை வரைக்கும் என் பிள்ளையை யார் பார்ப்பது?

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். நிலத்தகராறு, ஜீவனாம்சம், விபத்து நஷ்டஈடு என்று ஊராருடைய வயிற்றெரிச்சலை எல்லாம் "மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது" என்று அடக்க ஒடுக்கமாக மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இன்று எழுதுவது என் சொந்த வயிற்றெரிச்சல். பணிவுடன் எழுத எனக்கு வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே மகள். 2024 நவம்பர் 20, புதன்கிழமை சாயங்காலம், பதினேழு வயதில், அவள் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தாள். என்ன செய்தாள் என்று எழுதமாட்டேன். படிக்கிற இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடக் கூடாது. எதனால் செய்தாள் என்றும் எழுதமாட்டேன். அன்று காஷுவாலிட்டியில் போவோர் வருவோர் எல்லாம் அதைத்தான் நோண்டினார்கள். காரணம் அவளுடையது. ஒரு வரியில் அடங்குகிற காரணமும் இல்லை அது.

அவள் இன்று உயிரோடு இருக்கிறாள். பதற்றத்தோடு படிக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து, மூன்று இடங்களில் அடித்து, "இப்போ குடுக்கலாம்மா" என்று சொன்னதும் அவள்தான்.

அன்றைக்கு நல்ல மழை. பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோ வாசலிலேயே நின்றது. மகளை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "24 மணி நேர அவசர சிகிச்சை" என்று சிவப்பு எழுத்து மழையில் மின்னிக்கொண்டிருந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் எட்டிப்பார்த்து, "என்ன கேஸ்?" என்றாள். சொன்னேன். உள்ளே போனாள். ஒரு பெரியவர் வந்தார், டாக்டரா மேனேஜரா தெரியாது.

"இது எம்.எல்.சி.ம்மா. நாங்க எடுக்கிறதில்ல. போலீஸ் அது இதுன்னு வந்துரும். ஜி.எச்.சுக்குக் கொண்டுபோயிடுங்க."

அவர் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. ஆட்டோவின் படுதாவை விலக்கி, உள்ளே இருப்பது யார், மூச்சு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். அந்த ஏழு கிலோமீட்டரை நான் எப்படிக் கடந்தேன் என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆட்டோத் தம்பி வழி முழுக்க "அக்கா, பேசிக்கிட்டே வாங்கக்கா, பாப்பாகிட்ட பேசிக்கிட்டே வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மருத்துவம் படிக்காத அவனுக்குத் தெரிந்திருந்தது, அந்த நேரத்தில் ஒரு பிள்ளையோடு பேச வேண்டும் என்று.

எங்கள் ஆபீஸ் அலமாரியில் 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. பரமானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி விழுந்தார். பக்கத்து ஆஸ்பத்திரி "மெடிக்கோ லீகல் கேஸ் நாங்கள் பார்ப்பதில்லை" என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. போகிற வழியிலேயே அவர் இறந்துபோனார். உச்ச நீதிமன்றம் அன்றைக்கே சொல்லிவிட்டது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பது அவர் கடமை, போலீஸ் நடைமுறை எதுவும் அதற்குக் குறுக்கே நிற்க முடியாது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, அதே பதில் என் மகளுக்கும் கிடைத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் என் மகளைக் காப்பாற்றினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிய அட்டெண்டரையும், மழைநாளின் விபத்துக் கூட்டத்துக்கு நடுவில் ஒரே குத்தில் நரம்பு பிடித்து ட்ரிப்ஸ் ஏற்றிய சிஸ்டரையும் நான் சாகும்வரை கையெடுத்துக் கும்பிடுவேன். அந்த ராத்திரி அங்கே இரண்டே டாக்டர்கள். நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதை எல்லாம் என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனாலும் நான் பார்த்த மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

கண் திறந்து பார்க்கிற நிலைமைக்கு வந்ததும் அவளை வாசலை ஒட்டிய படுக்கைக்கு மாற்றினார்கள். சுற்றிலும் மறைப்பு கிடையாது. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு நோட்டில் எழுதுவதற்காக, "தற்கொலை முயற்சி, பொண்ணு, பதினேழு வயசு" என்று ஒருவர் உரக்கக் கேட்டு ஒருவர் உரக்கச் சொன்னார்கள். அடுத்த நிமிஷம் முழு காஷுவாலிட்டியும் திரும்பிப் பார்த்தது. கால் முறிந்து படுத்திருந்தவரின் சொந்தக்காரர்கள் எழுந்து வந்து நின்று பார்த்தார்கள். "லவ் மேட்டரா?" என்று ஒரு வார்டு ஆள் என்னிடமே கேட்டார். "பரிச்சைல போயிருச்சா?" என்று இன்னொருத்தி. ட்ரிப்ஸ் பாட்டில் மாற்ற வந்த வேறொரு சிஸ்டர், "இந்த வயசுல உனக்கு அப்படி என்னடி கஷ்டம்? பெத்தவள நெனச்சுப் பாத்தியா?" என்றார். ஒரு டாக்டர், நல்ல மனுஷராகத்தான் இருந்திருப்பார், களைப்பில் சொன்னார்: "நாங்க இங்க நெசமாவே உயிருக்குப் போராடுறவங்களப் பாத்துட்டு இருக்கோம். நீ வேணும்னே வந்து படுத்திருக்க."

என் மகள் எதுவும் பேசவில்லை. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆகியும் அவள் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், "ஏண்டி கேக்கல?" என்றேன். "நான்தான் வேணும்னே வந்து படுத்தவளாச்சே, எப்படிக் கேக்கறது?" என்றாள்.

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது. அது அவர்கள் நடைமுறை, தப்பில்லை. ஆனால் அவர் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "309-ல கேஸ் போட்டா என்னாகும் தெரியுமா? நாளைக்கு ஒரு வேலைக்குப் போக முடியாது." அந்த எண் என் விரலுக்கு நன்றாகத் தெரியும். இந்திய தண்டனைச் சட்டம், 1860, பிரிவு 309. தற்கொலைக்கு முயல்கிறவருக்கு ஓராண்டு வரை சிறை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2018 மே 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது: தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. 2024 ஜூலை 1-ஆம் தேதி தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது 309 என்ற அந்தக் குற்றமே அதில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை விஷயத்தில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ அப்படி முயல்வது மட்டும்தான் இப்போது குற்றம். ஆக, இல்லாத ஒரு சட்டத்தைக் காட்டி என் பிள்ளையைப் பயமுறுத்தினார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. பேசினால் வைத்தியத்தில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம். என் பிள்ளை அவர்கள் கையில் இருந்தாள். "சார், சின்னப் பொண்ணு சார்" என்று கும்பிட்டேன். சட்டம் தெரிந்த நானே கும்பிட்டேன் என்றால், தெரியாத தாய்மார்கள் என்ன செய்வார்கள்?

மூன்று நாள் இருந்தோம். காலை ரவுண்ட்ஸ், மாலை ரவுண்ட்ஸ், பி.பி., ரத்தப் பரிசோதனை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று நாளில் அவளைக் கேட்கவேண்டிய ஒரே கேள்வியை யாரும் கேட்கவில்லை. "இப்போ எப்படிம்மா இருக்க? சாகணும்ங்கிற நெனப்பு இன்னும் இருக்கா?" அவ்வளவுதான். இருபது வார்த்தைகூட இல்லை. கேட்டால் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தப்பு என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் சொல்லியாகிவிட்டது. நேராகக் கேட்பது அந்த நினைப்பை உண்டாக்குவதில்லை. சொல்ல வழி தெரியாமல் தவிக்கிற பிள்ளைக்கு அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் குழந்தைகள் அவசரப் பிரிவுகளுக்கென்று நான்கே நான்கு கேள்விகளை வகுத்து 2012-இல் வெளியிட்டார்கள். கேட்டு முடிக்க இருபது விநாடி போதும் என்கிறார்கள். பி.பி. பட்டையைக் கையில் சுற்றவே அதைவிட நேரம் ஆகும்.

நவம்பர் 23, சனிக்கிழமை, டிஸ்சார்ஜ். சீட்டில் சத்து மாத்திரை இருந்தது. ஏழு நாள் கழித்துப் பொதுமருத்துவ ஓ.பி.க்கு வரவும் என்று இருந்தது. மனநலப் பிரிவு என்ற சொல்லே இல்லை. யாரைக் கூப்பிடுவது, எந்த நேரத்தில் ஜாக்கிரதையாக இருப்பது, வீட்டில் எவற்றைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துவது, எதுவும் இல்லை. "பத்திரமாப் பாத்துக்கங்க" என்றார்கள். எப்படி என்று சொல்லவில்லை. "இனிமே இப்படிப் பண்ணாத" என்று அவளிடம் சொன்னார்கள். வேறு என்ன பண்ணுவது என்று சொல்லவில்லை.

இப்போது இந்தக் குமுறலின் நடுவுக்கு வருகிறேன். இதுவரை சொன்னது எல்லாம் பலருக்கும் நடக்கிறது, பலரும் பொறுத்துக்கொள்கிறார்கள். நானும் பொறுத்துக்கொண்டேன். இனி சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டிசம்பர் 14, சனிக்கிழமை. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். வாசல்படியில் முதல்நாள் ஏற்றிய அகல்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே கிடந்தன. விளக்கு வைக்கிற நேரத்தில் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, மறுபடி அந்த நெனப்பு வருதும்மா. எனக்கே பயமா இருக்கு."

அகல் கையிலிருந்து விழுந்து உடைந்தது. ஆனால் என் மனசில் ஒரு மூலையில் ஒரு வெளிச்சம். சொல்லிவிட்டாள். இந்த முறை சொல்லிவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்ல முடியாதவள் இன்று வந்து சொல்கிறாள் என்றால், பிழைக்க வேண்டும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று என் கையைப் பிடித்து இழுக்கிறது. பெரியவர்கள் எல்லாம் மேடை போட்டு இதைத்தானே சொல்கிறீர்கள்? "மனம்விட்டுப் பேசுங்கள், உதவி கேளுங்கள்." கேட்டுவிட்டாள். உடனே ஆட்டோத் தம்பியைக் கூப்பிட்டு அதே காஷுவாலிட்டிக்குப் போனோம்.

ராத்திரி எட்டரை மணி. பி.பி. பார்த்தார்கள், நார்மல். நாடி, நார்மல். காய்ச்சல் இல்லை. நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். என் மகள் பச்சை. ட்யூட்டி டாக்டர் வந்தார்.

"இப்போ ஏதாச்சும் பண்ணிக்கிட்டாளா?"

"இல்ல சார். பண்ணிக்கக் கூடாதுன்னுதான் ஓடி வந்திருக்கோம்."

"அப்போ எமர்ஜென்சி இல்லையேம்மா. சைக்கியாட்ரி டாக்டர் இப்போ இல்ல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கட்கிழமை காலைல ஓ.பி.க்குக் கூட்டிட்டு வாங்க."

"அதுவரைக்கும் சார்?"

"பக்கத்துலயே இருங்க."

ஐயா, பிரசவ வலி என்று வருகிறவளைத் திங்கட்கிழமை வா என்பீர்களா? நெஞ்சை அடைக்கிறது என்று வருகிறவரிடம், "இன்னும் நின்னுபோகலையே, நின்ன பிறகு வாங்க" என்பீர்களா? நெஞ்சுவலியில் வலிதான் அவசரம், அதற்காகத்தானே இ.சி.ஜி. எடுக்க ஓடுகிறீர்கள்? என் பிள்ளைக்கு வந்ததும் வலிதான். அது மிஷினில் கோடாக விழவில்லை என்பதால் அதற்குப் பச்சை நிறமா? உடம்பில் காயத்தோடு வந்தபோது "வேணும்னே வந்து படுத்திருக்க" என்றீர்கள். காயம் இல்லாமல் வந்தபோது "எமர்ஜென்சி இல்லை" என்றீர்கள். அப்படியானால் எங்கள் பிள்ளைகள் எப்போதுதான் வர வேண்டும்?

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"நான் சொல்லியிருக்கவே கூடாதாம்மா?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அவளைத் திருப்பி அனுப்பியவர்கள் சொல்லட்டும்.

சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் நான் கண்மூடவில்லை. அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. தகவல் தெரிந்து பஸ் ஏறி ஞாயிறு மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். என் முந்தானையை அவள் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். சின்ன வயசில் திருவிழாக் கூட்டத்தில் அவள் தொலைந்துபோகாமல் இருக்க அப்படித்தான் செய்வேன். அவள் புரண்டால் புடவை இழுக்கும், எழுந்துகொள்வேன். நள்ளிரவு தாண்டி எனக்கே பயம் முற்றியபோது, பஸ் ஸ்டாண்ட் சுவரில் எப்போதோ பார்த்த 14416 என்ற மனநல உதவி எண் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டேன். ஒரு பெண்குரல் பேசியது. என்னோடு பேசி, பிறகு மகளோடு நெடுநேரம் பேசியது. அவள் அழுதாள். அந்த மூன்று வாரத்தில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான்.

14416, ஐந்தே இலக்கம். காசு கிடையாது, ராப்பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 104 இருக்கிறது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இவற்றில் ஒன்றை அந்த டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக்கொடுக்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

திங்கட்கிழமை விடிந்தது. மார்கழி ஒன்று. கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே பாட ஆரம்பித்தது. நாங்கள் ஏழு மணிக்கே ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றோம். பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயசு டாக்டர் அம்மா. முதல் காரியமாகக் கதவைச் சாத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். பிறகு மகள் சொன்னாள், அவர் கேட்ட முதல் கேள்வி, "காலைல சாப்பிட்டியா?" இரண்டாவது கேள்வி, "அந்த நெனப்பு இப்பவும் இருக்கா?"

இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதியிருந்தார்கள். நினைப்பு வரப்போகிறது என்பதற்கு என்ன அடையாளம். வந்தால் அவளே தன்னை எப்படித் திருப்பிக்கொள்ளலாம். எங்கே, யாரோடு போய் உட்காரலாம். யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். எந்த எண்ணைக் கூப்பிடலாம். வீட்டில் எதை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்பதை என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எழுதினார். இதற்குப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயராம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் இப்படி ஒரு தாளை எழுதிக்கொடுத்து, பிறகு போனில் இரண்டு முறையாவது விசாரித்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை தொடர்பான நடத்தை சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தது. 2018-இல் வெளிவந்த ஆய்வு. ஒரு தாள், ஒரு பேனா, இரண்டு போன். என் மகள் அந்தத் தாளை நான்காக மடித்து போன் உறைக்குள் வைத்திருக்கிறாள். மடிப்பு கிழிய ஆரம்பித்து, இப்போது பின்னால் செலோடேப் ஒட்டியிருக்கிறாள்.

இந்தத் தாளை நவம்பர் 23-ஆம் தேதி ஏன் தரவில்லை?

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம்தான் ஏறியது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நடந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். தெரிந்திருக்கிறது. அதுவும் நம் சென்னையிலேயே தெரிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அந்த ஐந்தில் சென்னை ஒன்று, கொழும்பு ஒன்று. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மறுபாதிக்கு அதோடு, டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ விசாரிப்பு. பதினெட்டு மாத முடிவில், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பேசி, விசாரித்து வந்தவர்களில் 0.2 சதவீதம். ஆயிரம் பேர் என்று வைத்தால், இங்கே இருபத்திரண்டு வீடு, அங்கே இரண்டு வீடு. முடிவுகள் 2008-இல் அச்சாகிவிட்டன. என் மகள் அப்போது கைக்குழந்தை.

அந்த ஒன்பது விசாரிப்பும் எப்போது எப்போது என்று பார்த்தேன். 1, 2, 4, 7, 11-ஆவது வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆவது மாதங்கள். காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். என் மகளுக்கு மறுபடி வந்தது மூன்று வாரம் முடிகிற அன்று. அதற்குள் இரண்டு போன் வந்திருக்க வேண்டும். நவம்பர் 30 வாக்கில் ஒன்று, டிசம்பர் 7 வாக்கில் ஒன்று. "எப்படிம்மா இருக்க?" என்று யாரோ ஒருவர் இரண்டு முறை கேட்டிருப்பார். ஆஸ்பத்திரியை விட்டு வந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை என்று மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த வாரங்களில்தான் எங்களைக் கைவிட்டார்கள்.

"ஆள் இல்லையேம்மா" என்பார்கள். எனக்குத் தெரியும், மனநல மருத்துவர்கள் நம் நாட்டில் ரொம்பக் குறைவு. ஆனால் அந்த ஆய்வில் பேசியவர்கள் எல்லோரும் மனநல மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற டாக்டர்கள், நர்சுகள், உளவியலாளர்கள். போன் செய்ய பெரிய படிப்பு வேண்டாம், பொறுமையும் ஒரு நோட்டும் போதும். "சட்டத்தில் இடமில்லை" என்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உயிருக்கு ஆபத்து என்றோ, தனக்குத்தானே பெரிய தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்றோ இருந்தால், பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நோயாளியின் சார்பாகப் பேச உரிமையுள்ளவரின் சம்மதத்தோடு, 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். மனநல மருத்துவர் வந்துதான் தொட வேண்டும் என்று இல்லை. சனி ராத்திரி எட்டரையிலிருந்து திங்கள் காலை பத்தரை வரை எத்தனை மணி நேரம்? முப்பத்தெட்டு. 72-இல் பாதிக்குக் கொஞ்சம் கூட. அதை ஒரு படுக்கையில், ஒரு சிஸ்டரின் கண்பார்வையில் கழித்திருக்கலாம். என் முந்தானை நுனியில் விட்டுவிட்டார்கள்.

அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவில் இரண்டாவது பாகம் ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்றவருக்கு, அது மறுபடி நேராமல் இருக்க, பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. இது தர்மம் இல்லை, கருணை இல்லை, கடமை. 2022 நவம்பரில் மத்திய அரசு தேசிய தற்கொலைத் தடுப்பு உத்தி என்று ஒன்றை வெளியிட்டது. 2030-க்குள் தற்கொலைச் சாவுகளைப் பத்து சதவீதம் குறைப்போம் என்றது. அந்த ஒரே ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதில் மாணவர்கள் மட்டும் 13,044. தமிழ்நாட்டில் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். இத்தனை பேர் இறந்தால், முயன்று பிழைத்து காஷுவாலிட்டி வாசலுக்கு வருகிறவர்கள் அதைப்போல எத்தனை மடங்கு? அந்த வாசலில்தானே அவர்களை நாம் சந்திக்கிறோம்? கையில் கிடைக்கிற அந்தப் பிள்ளைகளைத் திட்டி, மிரட்டி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, பத்து சதவீதத்தை எங்கே போய்த் தேடுவீர்கள்?

தனியாக யார் மேலும் எனக்கு வன்மம் இல்லை. அந்த டாக்டர் பெயரை எழுதவில்லை, ஆஸ்பத்திரிப் பெயரையும் எழுதவில்லை. இருபத்துநான்கு மணி நேர ட்யூட்டியில் நிற்கிற ஒரு பையனிடம், தற்கொலை நினைப்போடு வருகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் விட்டது அவன் குற்றமில்லை. அவனை அங்கே நிறுத்தியவர்கள் பதில் சொல்லட்டும்.

தொழில் பழக்கம் விடவில்லை. கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்காமல் முடிக்கத் தெரியாது. மனுவாகவே அடித்தேன்.

ஒன்று: தற்கொலைக்கு முயன்றவர் என்று எந்த ஆஸ்பத்திரியும், தனியாரானாலும், முதலுதவி தராமல் வாசலோடு திருப்பக் கூடாது.

இரண்டு: காஷுவாலிட்டியில் யாரும் திட்டக் கூடாது, காரணத்தைக் கூட்டத்துக்கு நடுவில் கேட்கக் கூடாது.

மூன்று: தகவல் அறிந்து வரும் காவலர், இல்லாத சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது.

நான்கு: அந்த நினைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கேட்க வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் அதுவே அவசரம், காயம் தேவையில்லை.

ஐந்து: ஞாயிற்றுக்கிழமையிலும் ராத்திரியிலும், நேரிலோ போனிலோ ஒரு மனநல மருத்துவர் கிடைக்க வேண்டும்.

ஆறு: அந்த ஒரு தாளை எழுதிக் கொடுக்காமல் யாரையும் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது. 14416 அதில் இருக்க வேண்டும்.

ஏழு: முதல் வாரத்தில் ஒரு போன், இரண்டாவது வாரத்தில் ஒரு போன். அதற்குமேலும் தொடர வேண்டும்.

அடித்து முடித்துவிட்டு, விட்டது ஏதாவது உண்டா என்று மகளிடம் கொடுத்தேன். டேபிளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மெல்லப் படித்தாள். சட்டப் பிரிவுகளை எல்லாம் தாண்டிப் போனாள். கடைசியில் நிமிர்ந்து, "அம்மா, ஒரு திரை கேளும்மா" என்றாள்.

"என்ன திரை?"

"கட்டிலச் சுத்தி. அன்னிக்கு எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

எட்டாவதாக அதையும் அடித்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் எழுத்துப்பிழை விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.